பணியறமும் அமைப்பின் கடனும்

அரசு ஊழியரைப் பற்றிப் பேசத் தொடங்கினாலே நம் நாவில் முதலில் வருவது குறைதான். சாதிச் சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலகத்தில் காத்துக்கிடந்த மாணவரையும், முதியோர் ஓய்வூதியத்திற்காக நடையாய் நடந்த மூதாட்டியையும் அறியாதவர் நம்மில் இலர். அக்குறைகளில் உண்மை உண்டு. ஆயினும் குறை கூறுவதோடு நாம் நின்றுவிட்டால், அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று கேட்கப்படாமலே போய்விடும். ஒரே தேர்வை எழுதி, ஒரே ஊதியம் பெறும் இருவருள் ஒருவர் தம் கடமையைச் செம்மையாகச் செய்வதும், மற்றவர் தட்டிக்கழிப்பதும் எதனால்? அது தனிமனிதரின் குணமா, அவரைச் சூழ்ந்த அமைப்பின் விளைவா?

பணியறம் என்பது கையூட்டு வாங்காமை மட்டும் அன்று. தம் வேலையை நன்கு கற்றிருத்தல், விதியை ஆள் பார்த்து வளைக்காதிருத்தல், அவ்விதி யாருக்காக இயற்றப்பட்டதோ அவரை மறவாதிருத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே பணியறம். கையூட்டைத் தொடாத ஒருவரும் கோப்பை மாதக்கணக்கில் கிடப்பில் போடலாம். அவர் கை தூயது, பணி தூயதன்று.

வீடு கட்டிக் கட்டியே ஒருவர் கட்டடத் தொழிலாளி ஆகிறார். அவ்வாறே நேர்மையானவற்றைச் செய்து செய்தே நேர்மையாளர் ஆகிறார் என்று அரிஸ்டாட்டில் கற்பித்தார். 13ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸும் நற்பண்பை நிலைபெற்ற பழக்கமாகவே விளக்கினார். இதை ஏற்றால், அலுவலகமும் ஒரு பள்ளிக்கூடமே என்பதையும் ஏற்கவேண்டும். எந்தக் கோப்பு மேலே வருகிறது, எது அடியில் போகிறது, யாருக்கு நாற்காலி தரப்படுகிறது, யார் நிற்கவைக்கப்படுகிறார் என்பவற்றைப் புதிதாய்ச் சேரும் இளநிலை உதவியாளர் விதிநூலிலிருந்து கற்பதில்லை. தம் மேலாளரைப் பார்த்தே கற்கிறார்.

இவ்வுண்மையை நம் முன்னோரும் அறிந்திருந்தனர். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 921), வாரியங்களில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய நெருங்கிய உறவினரையும் குடவோலைத் தேர்வினின்று விலக்குகிறது. நிலமும் வேதப் பயிற்சியும் உடையோருக்கே அச்சபையில் இடம் இருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் நல்லவர் வருவார் என்று காத்திராமல், நேர்மைக்கு வேலியிட வேண்டும் என்ற தெளிவு அதில் இருக்கிறது.

நம் காலத்திலும் வேலிகள் இடப்பட்டன. தமிழகத்தில் பரம்பரையாக வந்த கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டன. கிராம நிர்வாக அலுவலர் பதவிக்குத் தேர்வு எழுதி வரும் வழி பிறந்தது. பிறப்பு அடைத்து வைத்திருந்த வாயிலைத் தகுதி திறந்தது. ஆனால் நல்ல வாயில் வழியே வந்தவரும் உள்ளே எப்படி நடத்தப்படுகிறார் என்பது வேறு கேள்வி. முன்னாள் அமைச்சரவைச் செயலர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியனும் ஓய்வுபெற்ற அதிகாரிகள் பலரும் தொடுத்த வழக்கில், 2013இல் உச்ச நீதிமன்றம் இதற்கே விடை தேடியது. அதிகாரிகள் வாய்மொழி ஆணைகளை எழுத்தில் பதிவுசெய்ய வேண்டும். ஓரிடத்தில் குறைந்தபட்சப் பணிக்காலம் உறுதி செய்யப்படவேண்டும் என்று அது பணித்தது. எந்த நேரமும் இடமாற்றம் வரலாம் என்று அஞ்சுபவரிடம் துணிவை எதிர்பார்ப்பது எளிதன்று.

அந்தத் துணிவின் விலை சில வேளைகளில் இடமாற்றத்தோடு முடிவதில்லை. 2023 ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், மணல் கடத்தல் பற்றிக் காவல்துறையில் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலர் ஒருவர், பட்டப்பகலில் தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் செய்தது வீரச்செயலாக எண்ணிச் செய்ததன்று. அவருடைய பணிப்பட்டியலில் இருந்த ஒரு கடமை. கடமையைச் செய்வதற்கே உயிரைக் கொடுக்க வேண்டியிருந்தால், அது அவருடைய பெருமை. நம் சமுதாயத்தின் குறை.

மக்களாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. வரிசையில் நிற்பதற்கு முன் தெரிந்தவர் யார் என்று தேடுகிறோம். விதிப்படி நடப்பவரை 'வளைந்து கொடுக்கத் தெரியாதவர்' என்கிறோம்; நம் காரியத்திற்காக விதியை வளைப்பவரை 'நல்ல மனிதர்' என்கிறோம். இவ்வாறு நாள்தோறும் நாம் வழங்கும் பட்டங்களும் அலுவலகப் பள்ளிக்கூடத்தின் பாடங்களே.

அப்படியானால் எல்லாப் பழியும் அமைப்பின்மேல்தானா? அன்று. லூக்கா நற்செய்தியில் திருமுழுக்கு யோவானிடம் வரிதண்டுவோர் தாங்கள் என்ன செய்யவேண்டும் என்று வினவுகின்றனர். உரோமையரின் வரிமுறை நீதியானதன்று. ஆயினும் அவர் வேலையை விடச் சொல்லவில்லை. விதிக்கப்பட்டதற்கு மேல் தண்டவேண்டாம் என்கிறார். பழுதான அமைப்புக்குள்ளும் ஒருவர் கைக்கெட்டும் அளவுக்கு நேர்மையாளராக இருக்க முடியும் என்பதே அதன் பொருள். மேலாளர் எப்படிப்பட்டவராயினும், எதிரே நிற்கும் மூதாட்டிக்கு அமர இடம் காட்டவும், விண்ணப்பத்தில் விடுபட்டவை அனைத்தையும் ஒரே முறையில் சொல்லி அனுப்பவும் எந்த அரசாணையும் தேவையில்லை.

மனச்சான்று தனிமனிதருக்குரியது, அதைக் காத்து வளர்ப்பது எல்லாருடைய கடன். நேர்மையானவர் தனித்து விடப்படாத அலுவலகத்தில் சாதாரண மனிதரும் நேர்மையாக வாழ்வர். அத்தகைய அலுவலகத்தை நாம் ஆட்சியாளரிடம் கேட்கவேண்டும். சான்றிதழ் கேட்டு நாமே அங்குச் செல்லும் நாளில் அதைக் கெடுக்காமலும் இருக்கவேண்டும்.