ஆள் வரட்டும்

ஐப்பசி மழையில் ஒரு நாள், நாகர்கோவிலில் எங்கள் வீட்டு அடுக்களைத் தொட்டியில் தண்ணீர் இறங்காமல் நின்றது. பிளம்பர் வந்து, பின்சுவரோரம் போகும் 75 மில்லிமீட்டர் குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டு, “சார் இல்லியா?” என்று கேட்டார். வீடு என் பெயரில் இருக்கிறது. நாளைக்கு வருவதாகச் சொல்லிப் போனவர் மூன்று நாளாக வரவில்லை. நான்காம் நாள் நானே குழாயின் முன் உட்கார்ந்தேன்.

“எதுக்கு மக்ளே அதுல கைய வைக்க? ஆளு வரட்டு” என்றாள் அம்மா.

எல்போவின் மேல்முனையைப் பிடித்து அரைமணி நேரம் இழுத்தேன். அசையவில்லை. என் கைக்குப் பலம் போதவில்லை என்றுதான் நினைத்தேன்; அப்படி நினைக்கத்தானே பழகியிருக்கிறோம். ஹார்டுவேர் கடையில் விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கழிவுநீர்க் குழாயில் இணைப்பு இரண்டு வகை. ஒன்று, ரப்பர் வளையம் வைத்துச் செருகுவது. அழுக்கேறி இறுகியிருந்தாலும் வெந்நீர் ஊற்றி, சோப்புத் தண்ணீர் விட்டு, இடமும் வலமுமாகத் திருகி இழுத்தால் வந்துவிடும். மற்றது சொல்யூஷன் போட்டது. அது இரண்டு பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையும் கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது. எந்தப் பலசாலி இழுத்தாலும் பிரியாது. ஆக்ஸா பிளேடால் அறுத்துவிட்டுப் புதிதுதான் போட வேண்டும்.

நான் இழுத்துக்கொண்டிருந்தது சொல்யூஷன் போட்ட முனையை. கீழ்முனையில் வளையம் இருந்தது. அம்மாவே வெந்நீர் கொண்டுவந்தாள். திறந்துகொண்டது.

உள்ளே இருந்தவை சோற்றுப்பருக்கை, மீன் செதில், எண்ணெய்ப் பிசுக்கு. எல்லாம் எங்கள் கைபட்டுப் போனவைதான். தொட்டிக்கு மேலே இருந்தவரை அவற்றைத் தொடுவது பெண்ணின் கடமை. ஒரு முழம் கீழே இறங்கியதும் தொடக்கூடாதவை. ஐம்பது வருடம் கக்கூஸ் கழுவிய அம்மாவிடம், ‘ஆள் வரட்டும்’ என்று வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை. சுவருக்கு உள்ளே அழுக்கு பெண்ணின் பொறுப்பு. வெளியே அது சாதியின் பொறுப்பு. அந்த ‘ஆளு’க்கு எங்கள் பேச்சில் பெயரே இருந்ததில்லை.

தமக்கு நிகரில்லாதார் அவையில் பேசுவது அங்கணத்தில் அமிழ்தைக் கொட்டுவது போல என்கிறார் வள்ளுவர். பல வருடமாக அந்த அதிகாரத்தை நடத்துகிறேன். அமிழ்து வீணாவதை விளக்கியிருக்கிறேன். அங்கணத்தைக் கழுவியது யார் என்று வகுப்பில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

குழாயைக் கழற்றியதில் எனக்குப் பெருமை வந்தது. அதை நான் நம்பவில்லை. ஒருநாள் கைவைத்துவிட்டு, குளித்து, சேலை மாற்றிக் கல்லூரிக்குப் போக எனக்கு முடிகிறது. பிறப்பால் அந்த வேலைக்குத் தள்ளப்பட்டவருக்கு அது முடியாது. ‘என் வேலையை நானே செய்கிறேன்’ என்பது நல்ல ஒழுக்கம்தான். ஆனால் என் வீட்டுக் குழாயோடு அது முடிந்துவிடக் கூடாது.

சாதியையும் அழுக்கையும் சேர்த்திருப்பது ரப்பர் வளையம் என்றுதான் நாம் நடந்துகொள்கிறோம். கையுறை கொடுக்கிறோம்; தூய்மைப் பணியாளர் என்று மரியாதையாக அழைக்கிறோம். இவை வேண்டும். ஆனால் இவை வெந்நீர்தான். கரைந்து ஒன்றானதை அறுக்கத்தான் வேண்டும். மலக்குழிக்குள் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. பத்து வருடம் கழித்து, 2023-இல், அங்கே இறந்துபோகிறவர்களின் குடும்பத்துக்கு 30 லட்சம் இழப்பீடு கொடுக்க உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. சட்டம் பிளேடைக் கையில் கொடுத்தது. அறுக்க வேண்டியவர்கள், வீட்டுக்காரியான நான் உட்பட, அறுக்கவில்லை.

அடுத்த மாதம் செப்டிக் டேங்க் எடுக்க லாரிக்குப் போன் செய்தேன். முன்பெல்லாம் வாடகையை மட்டும்தான் கேட்பேன்.

“மிஷின் மட்டுந்தானே? ஆள எறக்க மாட்டீங்கல்லா?”

கொஞ்சம் நேரம் சத்தமில்லை. பிறகு மறுமுனையில் கேட்டார், “சார் இல்லியா?”

“இல்ல. நீங்க எங்கிட்ட சொல்லுங்க” என்றேன்.