பழகிடுச்சா?

பறக்கும்போது கரணம் அடிக்கும் கர்ணப்புறாவை வளர்ப்பவர்களிடம் ஒரு விதி உண்டு. இன்னொருவர் வீட்டில் பறந்து பழகிய பெரிய புறாவை வாங்கலாம், ஜோடி சேர்க்கலாம், குஞ்சு எடுக்கலாம். வெளியே மட்டும் விடக் கூடாது. எத்தனை மாதம் தீனி போட்டிருந்தாலும், உள்ளங்கையில் வந்து கொத்தித் தின்றாலும் சரி, கதவைத் திறந்தால் அது தேடிப் போவது பழைய மொட்டை மாடியைத்தான்.

என் மகன் சித்தூரில் சில ஜோடிகள் வாங்கித் திருப்பதிக்குக் கொண்டுவந்தபோது, கொடுத்த பெரியவர் இதைத்தான் சொல்லி அனுப்பினார். “தீனி திங்கும், முட்டை வைக்கும், உன்னைக் கண்டா குனுகும். எல்லாம் சரி தம்பி. வெளிய மட்டும் வுட்டுடாத. அதுக்கு வூடு இதுதான்.”

அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டுக்குச் சித்தூரிலிருந்து இன்னொருவரும் வந்திருந்தார். அப்பா போன பிறகு அம்மாவைத் தனியாக விட வேண்டாம் என்று கூட்டி வந்திருந்தோம். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் காபி டம்ளரைக் கீழே வைக்கும் முன் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “திருப்பதி பழகிடுச்சாம்மா?” அம்மா தலையாட்டுவார். பெரியவரின் விதி என்னை விடாமல் துரத்தியதற்கு அந்தத் தலையாட்டலும் ஒரு காரணம்.

புதுப் புறாவைக் குடியேற்றுவது நாம் நினைப்பதைவிடப் பெரிய வேலை. வந்ததும் பழைய கூட்டத்தோடு சேர்க்கக் கூடாது. இரண்டு மூன்று வாரம் தனிக்கூண்டில் வைத்துப் பார்க்க வேண்டும். எச்சம் பச்சையாகத் தண்ணீர்போல் போகிறதா, வாய்க்குள் மஞ்சளாகப் படிந்திருக்கிறதா, கழுத்து திருகுகிறதா என்று பார்த்த பிறகுதான் கூட்டத்தில் விடுவது. சேர்த்த அன்று சண்டை நிச்சயம். ஒவ்வொரு ஆண் புறாவும் ஒரு மூலையைத் தனதென்று வைத்திருக்கும். அதனால் புறாக்களின் எண்ணிக்கையைவிட உட்காரும் பலகைகள் கூடுதலாக இருக்க வேண்டும். அவரவருக்கென்று ஓர் இடம் அமைந்துவிட்டால் பாதிச் சண்டை தானாக அடங்கும்.

பெரிய புறாக்களுக்கு இவ்வளவுதான் செய்ய முடியும். பறக்கவிடுவதற்கு அவற்றின் குஞ்சுகள்தான். இரண்டு முட்டை, தாயும் தகப்பனும் மாறி மாறி அடைகாத்துப் பதினெட்டு நாள் வாக்கில் பொரிக்கும். முதல் சில நாள் இரண்டுமே தொண்டைப் பையில் ஊறும் பாலை ஊட்டும். நாலு வாரத்தில் குஞ்சு தானாகத் தின்னத் தொடங்கும். இறகு வளர்ந்திருக்கும், உயரே போகும் பலம் வந்திருக்காது. அந்தச் சில நாட்களை நழுவ விடக் கூடாது. மாடத்தின் மேல் கம்பிக் கூண்டு வைத்து, மாலையில் அதில் விடுவார்கள். அங்கிருந்து குஞ்சு தெருவைப் பார்க்கும். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை, தென்னையை, தூரத்துத் திருமலைச் சரிவைப் பார்க்கும். பிறகு மகன் கம்பு போட்ட டப்பாவைக் குலுக்குவான். சத்தம் கேட்டால் கீழே இறங்கி உள்ளே போக வேண்டும், உள்ளே போனால் தீனி. பல நாள் இப்படிப் பழகிய பிறகு, வயிறு காலியாக இருக்கும் ஒரு மாலையில் கூண்டைத் திறந்துவிடுவார்கள்.

குஞ்சு வெளியே வந்து ஓட்டு விளிம்பில் உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்க்கும்போது வளர்ப்பவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான். துரத்தக் கூடாது, பிடிக்கப் போகக் கூடாது. டப்பாவைக் குலுக்கலாம், அவ்வளவுதான். மிச்சத்தைக் குஞ்சுதான் தீர்மானிக்க வேண்டும். பூட்டிய கூண்டுக்குள் இருக்கும் புறா பழகிவிட்டதா என்று எவராலும் சொல்ல முடியாது. கதவு திறந்திருக்கும்போது திரும்பி வந்ததுதான் பழகிய புறா.

கரணம் அடிப்பதை மட்டும் யாரும் பழக்க வேண்டியதில்லை. பறக்கத் தொடங்கிச் சில மாதங்களில் அது தானாக வரும். உயரத்தில் பறந்துகொண்டிருக்கும் புறா திடீரென்று பின்பக்கமாகப் புரண்டு, பந்துபோல் உருண்டு, சில அடிகள் விழுந்து மறுபடி சிறகை விரிக்கும். டார்வின் 1859இல் வெளியிட்ட ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில் இதைக் குறிப்பிடுகிறார்: வேறொரு புறா கரணம் அடிப்பதைப் பார்த்தே இராத குஞ்சும் அடிக்கிறது, இதை யாரும் கற்றுக்கொடுத்திருக்க முடியாது என்கிறார். அவரே வீட்டில் புறா வளர்த்தவர். சென்னை மாகாண அரசுப் பணியில் இருந்த வால்டர் எலியட் இந்தியாவிலிருந்து புறாத் தோல்களை அவருக்கு அனுப்பிவைத்தார்; அதற்கு அந்த நூலிலேயே டார்வின் நன்றி சொல்லியிருக்கிறார்.

ஆக, கரணம் ரத்தத்தில் வருகிறது. வீடு அப்படி வருவதில்லை. சித்தூர் ஜோடிக்குப் பிறந்த குஞ்சு சித்தூர்க் கரணத்தைத் திருப்பதி வானத்தில் அடித்துவிட்டுத் திருப்பதி மாடத்தில் வந்து இறங்குகிறது. பெற்றவை இரண்டும் கம்பிக்குள்ளிருந்து அதைப் பார்க்கின்றன.

எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு இது நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தபோது, அதுவரை சென்னை மாநிலத்தில் இருந்த சித்தூர் மாவட்டம் அங்கே போனது. 1960இல் படாஸ்கர் தீர்ப்பின்படி எல்லை மறுபடி நகர்ந்து, திருத்தணி இந்தப் பக்கத்திலிருந்து சென்னை மாநிலத்துக்குப் போனது. அம்மா அப்போது சின்னப் பெண். வீடு, கிணறு, புளியமரம் எதுவும் நகரவில்லை. இருந்த இடத்திலேயே ஊர் வேறு மாநிலமாகிவிட்டது. அதற்கு அவர் பழகினார். தெலுங்கில் பேரம் பேசினார், தெலுங்கில் சண்டையும் போட்டார். அந்த மாற்றத்தில் அவருடைய வாசல் அவரிடமே இருந்தது. எழுபது கிலோமீட்டர் தள்ளி, மொழியும் மாநிலமும் மாறாத திருப்பதிக்கு வந்ததில் போனது அந்த வாசல்தான்.

நாம் என்ன செய்கிறோம்? நல்ல அறை, சுடுதண்ணீர், நேரத்துக்கு மாத்திரை எல்லாம் கொடுத்துவிட்டு, இனி பழைய வீட்டை மறந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். மறந்தாயிற்றா என்று சரிபார்ப்பதற்குத்தான் அந்தக் கேள்வி. புறா வளர்ப்பவன் இதைவிட நியாயமானவன். பெரிய புறாவிடம் அவன் மறதியைக் கேட்பதில்லை. நல்ல பலகை கொடுக்கிறான், வெயில் படும் இடம் பார்த்துக் கொடுக்கிறான், அதன் மனசு வேறெங்கோ இருப்பதைக் குற்றமாகவும் எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால் ஓர் இடத்தில் அவனைப் பின்பற்ற முடியாது. அவன் கதவைத் திறக்காததற்குக் காரணம் உண்டு. பந்தயத்துக்கு வளர்க்கும் ஹோமர் புறா நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டியும் வீடு வந்து சேரும். கர்ணப்புறாவைத் தலைமுறை தலைமுறையாகக் கரணத்துக்காகவே பொறுக்கி வளர்த்திருக்கிறார்கள், வழி கண்டுபிடிப்பதற்காக அல்ல. திறந்துவிட்டால் அது பெரும்பாலும் சித்தூர் போய்ச் சேராது, திருப்பதிக்கும் திரும்பாது. நடுவழியில் பசியிலோ வல்லூறின் காலிலோ முடிந்துவிடும். அதைக் காப்பாற்றத்தான் பூட்டு.

அம்மாவுக்கு வழி தெரியும். பூதலப்பட்டு தாண்டினால் சித்தூர். இரண்டு மணி நேர பஸ் பயணம். அங்கே தங்கை வீடு இருக்கிறது, பழைய தெருவில் பேச ஆள் இருக்கிறது. அவர் போய்வரக் கேட்டபோதெல்லாம் வெயில், முட்டிவலி, கூட்டம் என்று நாங்கள் காரணம் அடுக்கியதற்கு அடியில் இருந்தது வேறு: போனால் திரும்பிவர மனசு வராதோ என்கிற பயம். அது எங்கள் பயம். அதற்கு அவரைப் பூட்டிவைப்பது நியாயமில்லை. இப்போதெல்லாம் மாதம் ஒருமுறை யாராவது பஸ் ஏற்றிவிடுகிறோம். எத்தனை நாள் இருப்பது என்பதை அவர்தான் முடிவு செய்கிறார்.