எல்லை தாண்டாதவர்கள்

மன்னார் நகரில் ஒரு கடையின் மேல்மாடியில் சனி, ஞாயிறு பின்னேரங்களில் வகுப்பு எடுக்கிறேன். ஆசிரிய நியமனத்துக்குக் காத்திருக்கும் பட்டதாரிகளும் கிராம உத்தியோகத்தர் பரீட்சைக்குத் தோற்றுபவர்களுமாக முப்பது பேரளவில் வருகிறார்கள். பொது அறிவில் 'சர்வதேச அமைப்புகள்' என் பகுதி. மனப்பாடம் செய்தால் முழுப் புள்ளியும் கிடைக்கும் என்பதால் பிள்ளைகளுக்கு இந்தப் பகுதியில் பிரியம் அதிகம்.

பலகையில் ஐந்து நிரல்கள் போடுவேன். பெயர், சுருக்கப் பெயர், தோன்றிய ஆண்டு, தலைமையகம், அங்கத்துவ நாடுகள். சார்க் 1985 டிசம்பர் 8, டாக்கா, செயலகம் காத்மண்டு. அணிசேரா இயக்கம் 1961, பெல்கிரேட்; ஐந்தாவது உச்சிமாநாடு 1976இல் நமது கொழும்பில். இஸ்லாமிய மாநாட்டு அமைப்பு 1969, ரபாத், தலைமையகம் ஜித்தா. இதன் பெயர் 2011இல் 'ஒத்துழைப்பு அமைப்பு' என்று மாறியதைச் சொல்லிவைப்பேன், ஏனென்றால் வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு இப்படியான மாற்றங்கள் மீது ஒரு கண். அல்-அக்ஸா பள்ளிவாசலுக்குத் தீ வைக்கப்பட்டதை அடுத்துத்தான் அது உருவானது என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. அதற்குப் பலகையில் நிரல் இல்லை.

இப்படிப் பல வருடங்களாகக் கற்பித்து வருகிறேன். ஒரே ஒரு திகதியில் மட்டும் கை கொஞ்சம் தயங்கும். ஐக்கிய நாடுகள் தினம், ஒக்டோபர் 24. 1945இல் சாசனம் நடைமுறைக்கு வந்த நாள்.

1990இல் அதே ஒக்டோபர் 24இல்தான் மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் 28ஆம் திகதிக்குள் வெளியேறிவிட வேண்டும் என்று விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஒரு குடும்பத்துக்கு ஐந்து பைகள், இரண்டாயிரம் ரூபாய் காசு, ஒரு பவுண் நகை. யாழ்ப்பாணத்தாருக்கு இரண்டு மணித்தியாலம்தான் கிடைத்தது என்பதால் எங்களைக் கொடுத்து வைத்தவர்கள் என்று சிலர் சொல்வதுண்டு. மன்னாரின் கத்தோலிக்கத் தமிழர்கள் எங்களுக்காகப் போய் மன்றாடினார்கள், காலக்கெடு நவம்பர் 2 வரை தள்ளிப்போனது. அதை மறப்பவன் நன்றி கெட்டவன். குட்டி சிங்கப்பூர் என்று பெயரெடுத்திருந்த எருக்கலம்பிட்டியின் வீடுகள் ஒரே நாளில் துடைத்தெடுக்கப்பட்டன. வடமாகாணத்திலிருந்து மொத்தமாக எழுபத்தையாயிரம் பேரளவில் வெளியேற்றப்பட்டார்கள். அதில் பெரும்பகுதி மன்னார் மாவட்டத்தவர். இந்த இதழின் வாசகர்களுக்கு இது பழைய கதை, நீட்டவில்லை. நான் அப்போது ஓ.எல். வகுப்பில் இருந்தேன். எங்கள் குடும்பம் வள்ளத்தில் கல்பிட்டிக்குப் போனது.

இவ்வளவையும் நான் வகுப்பில் சொன்னதில்லை. கடந்த வருடம் ஒரு பிள்ளைதான் சொல்ல வைத்தாள்.

பேசாலைப் பிள்ளை. அவளுடைய குடும்பம் 1990இல் வள்ளமேறி இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் பதிந்து, பிறகு தமிழ்நாட்டின் வேறொரு முகாமுக்கு மாற்றப்பட்டது. அவள் பிறந்தது அங்கேதான். யுத்தம் முடிந்த பிறகு ஊர் திரும்பினார்கள். அன்றைக்கு அகதிகளுக்கான உயர்ஸ்தானிகர் அலுவலகம் என்று எழுதி, தலைமையகம் ஜெனீவா என்றும், 1951 சமவாயத்தின்படி அகதி என்பவர் இனம், மதம், தேசியம், சமூகக்குழு, அரசியல் கருத்து ஆகியவற்றால் துன்புறுத்தப்படும் அச்சத்தினால் தன் நாட்டுக்கு வெளியே இருப்பவர் என்றும் சொல்லிக்கொண்டிருந்தேன். கை உயர்த்தினாள்.

"சேர், அப்ப நாங்க அகதி. நீங்க அகதி இல்லையா?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றிரவு நித்திரை வரவில்லை.

தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு முப்பது கிலோமீற்றர் அளவு கடல். எருக்கலம்பிட்டியிலிருந்து கல்பிட்டிக்கு அதைவிட அதிக தூரம். இரண்டும் ஒரே கடல்தான். வடமேற்கே போன வள்ளத்தில் இருந்தவர் சர்வதேசச் சொல்லகராதியில் ஒரு சொல்லைப் பெற்றார். தெற்கே போன வள்ளத்தில் இருந்தவருக்கு அந்தச் சொல் இல்லை. அச்சம் ஒன்றுதான், காரணமும் சமவாயத்தில் எழுதியிருக்கிற காரணங்களில் ஒன்றுதான். கோடு ஒன்றைத் தாண்டவில்லை, அவ்வளவே வித்தியாசம். ஒரு மனிதனுக்கு உலகம் பட்டிருக்கும் கடமை, அவன் எந்தத் திசையில் ஓடினான் என்பதைப் பொறுத்ததா?

அந்த வருடத்தை நினைத்துப் பாருங்கள். ஓகஸ்ட் 2இல் ஈராக் படை குவைத் எல்லையைத் தாண்டியது. பாதுகாப்புச் சபை அடுக்கடுக்காகத் தீர்மானங்கள் நிறைவேற்றியது. முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஒரே அணியாகத் திரண்டன. நவம்பர் 29இல் 678ஆம் தீர்மானம் வந்தது. இடையில், நவம்பர் 21 முதல் 23 வரை மாலேயில் சார்க் உச்சிமாநாடு நடந்தது. இருதரப்பு விவகாரங்களும் சர்ச்சைக்குரிய விடயங்களும் பேசப்படமாட்டா என்று சார்க் சாசனத்தின் பத்தாம் உறுப்புரை சொல்கிறது. ஆகவே எழுபத்தையாயிரம் பேர் தென்னந்தோட்டங்களில் மழைக்கு ஒதுங்கியிருந்த விடயம் அங்கே மேசைக்கு வர வழியே இல்லை. எல்லைகளைத் தாண்டினால் உலகம் விழித்துக்கொள்ளும். தாண்டியது இராணுவமானால் என்ன, வள்ளத்தில் ஒரு தாய் ஆனால் என்ன. உள்ளே நடப்பது வீட்டுக்குள் நடப்பது.

புத்தளம் முகாமில் இருந்தபோது ஒரு நிறுவனத்திலிருந்து படிவத்தோடு ஒரு இளைஞர் வந்தார். எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. குடும்ப அங்கத்தவர் எத்தனை, வயது என்ன, என்ன இழந்தீர்கள் என்று கேட்டு எழுதினார். உம்மா பேச்சோடு பேச்சாக, "நாங்க அகதிதானே மகன்" என்றா. அவர் பேனாவை நிறுத்தி, நல்ல மனிதர், பொறுமையாகவே திருத்தினார். "அகதி இல்ல உம்மா, இடம்பெயர்ந்தவங்க. அகதி எண்டா வேற நாட்டுக்குப் போகணும்." உம்மா கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "எங்களுக்கு இதுவும் வேற நாடுதான்" என்றா. அவர் அதைப் படிவத்தில் எழுதவில்லை. எழுத இடமும் இல்லை.

ஆனால் பள்ளிக்கூடத்தில் எங்களை எல்லோரும் 'அகதிப் பிள்ளைகள்' என்றுதான் கூப்பிட்டார்கள். சட்டம் மறுத்த சொல்லை ஊர் தாராளமாகக் கொடுத்தது. இருபது, இருபத்தைந்து வருடங்களுக்குப் பிறகும், சொந்தமாகக் காணி வாங்கி வீடு கட்டியவர்களைக்கூட அந்தச் சொல் விடவில்லை. புத்தளத்து மக்களைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. முதல் நாட்களில் சோறு சமைத்துப் பள்ளிவாசல்களையும் தோட்டங்களையும் திறந்து விட்டவர்கள் அவர்கள்தான். அவர்கள் எந்தச் சமவாயத்தையும் வாசித்திருக்கவில்லை.

இங்கே நிறுத்தினால் இது ஒரு முறைப்பாடாக முடிந்துவிடும். ஆனால் விடயம் அவ்வளவு இலகுவானதல்ல. தொண்டு நிறுவனங்களில் நீண்டகாலம் வேலை செய்த ஒரு நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் விட்டுக்கொடுக்கவில்லை. "வரைவிலக்கணம் இல்லாத இரக்கம் யாரையும் கட்டுப்படுத்தாது. எல்லோரும் அகதி என்றால் எந்த அரசாங்கமும் எவருக்கும் கதவைத் திறக்கத் தேவையில்லை. கோடு போட்டதால்தான் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவனையாவது திருப்பி அனுப்பாதே என்று சொல்ல முடிகிறது." அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கடமை என்பது பெயர் சொல்லிக் கேட்கக்கூடியதாக இருக்க வேண்டும். பெயரில்லாத கடன் வசூலாவதில்லை.

அவர் இன்னொன்றையும் நினைவூட்டினார். அந்த அலுவலகம் 1987இல் இலங்கைக்கு வந்தது இந்தியாவிலிருந்து திரும்புபவர்களைக் கவனிக்கத்தான். 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபோது, மடுவிலும் இதே மன்னார்த் தீவின் பேசாலையிலும் திறந்த நிவாரண நிலையங்களை அது நடத்தியது. அங்கே தங்கியவர்கள் எல்லை தாண்டாதவர்கள்தான். ஆக, கோட்டைத் தேவைப்படும்போது நீட்ட முடியும் என்று எங்கள் தீவிலேயே நிரூபித்திருக்கிறார்கள். மக்கள் இந்தியாவுக்குப் போகாமல் இங்கேயே நிறுத்துவதற்கான ஏற்பாடு அது என்று விமர்சித்தவர்களும் உண்டு. இரண்டும் உண்மையாக இருக்கலாம். உயிர் தப்பியவனுக்கு, தன்னைக் காப்பாற்றியவனின் உள்நோக்கம் எவ்வளவு தூரம் முக்கியம் என்பது எனக்கு இன்னும் தீராத கேள்வி.

எங்களைப் போன்றவர்களுக்கென்று பிறகு ஒரு பெயரும் வந்தது. 1992இல் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் பிரதிநிதி ஒருவர் நியமிக்கப்பட்டார், சூடானைச் சேர்ந்த பிரான்சிஸ் டெங். 1998இல் அவர் உள்ளக இடம்பெயர்வு பற்றிய வழிகாட்டிக் கோட்பாடுகளை முன்வைத்தார், மொத்தம் முப்பது. எட்டு வருடம் பிந்தி வந்தாலும் வாசித்தபோது எங்களுக்காகவே எழுதியது போலிருந்தது. ஆனால் அவை எந்த அரசையும் சட்டப்படி கட்டுப்படுத்துவன அல்ல. கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தை ஆபிரிக்கர்கள்தான் முதலில் செய்தார்கள், 2009இல் கம்பாலாவில். ஆசியாவில் இன்றுவரை அப்படி ஒன்று இல்லை.

பெயர் கிடைத்த பிறகும் அந்தப் பெயருக்குள் இன்னொரு கோடு விழுந்தது. 2009இல் யுத்தம் முடிந்ததும் 'புதிய' இடம்பெயர்ந்தோர், 'பழைய' இடம்பெயர்ந்தோர் என்று பிரித்தார்கள். 2008 ஏப்ரலுக்குப் பிறகு இடம்பெயர்ந்தவர்கள் புதியவர்கள். உதவியும் கவனமும் முதலில் அவர்களுக்குப் போனது. முள்ளிவாய்க்காலிலிருந்து வந்தவர்களின் காயத்தோடு என் காயத்தை அளந்து பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர்களுக்கு முதலில் கொடுத்தது சரி. ஆனால் 'பழைய' என்ற சொல்லுக்கு ஒரு குணம் உண்டு. கேட்பவர் காதில் அது மெல்ல மெல்ல 'முடிந்த' என்று விழத் தொடங்கும். எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் 2018இல் காலமாகும்வரை இந்த மக்களின் கணக்கை எழுதிக்கொண்டே இருந்தது அது முடியவில்லை என்று சொல்லத்தான்.

அடுத்த கிழமை பேசாலைப் பிள்ளையிடம் என் பதிலைச் சொன்னேன். சட்டப்படி நீ அகதி, நான் இல்லை என்றேன். அவள் விடவில்லை. இந்தியா அந்தச் சமவாயத்தில் கையெழுத்திடவில்லை என்று போன கிழமை நீங்கள்தானே சொன்னீர்கள் என்றாள். அது உண்மைதான். இந்தியாவும் கையெழுத்திடவில்லை, இலங்கையும் இடவில்லை. இந்தியச் சட்டத்தில் அவர்கள் வெளிநாட்டவர்கள் மட்டுமே. முகாமில் பிறந்த அவளுக்குச் சென்னையிலுள்ள துணை உயர்ஸ்தானிகராலயத்தில் குடியுரிமைக்குப் பதிய வேண்டியிருந்தது. ஆட்கணக்கு எடுக்கும் நாட்களில் முகாமில் இல்லாவிட்டால் பதிவு வெட்டப்படும் என்று அப்பா பயந்து பயந்து ஓடி வருவார் என்றாள். "அகதி எண்டு எல்லாரும் சொன்னாங்க சேர், எந்தச் சட்டமும் சொல்லயில்ல." அதைத்தான் நானும் புத்தளத்தைப் பற்றிச் சொல்லியிருப்பேன். எதிரெதிர்த் திசையில் போன இரண்டு வள்ளங்களும் ஒரே இடத்தில்தான் கரை தட்டியிருந்தன.

அபிசீனியாவுக்குப் போன முதல் முஸ்லிம்களின் வரலாறு நமக்கெல்லாம் சிறு வயதிலிருந்தே தெரியும். அவர்களைத் திருப்பி அனுப்பும்படி குறைஷிகள் தூதர்களையும் பரிசுப் பொருட்களையும் அனுப்பினார்கள். நஜ்ஜாஷி மன்னர் பரிசுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது அவருடைய இரக்கம் மட்டுமல்ல, தீர்ப்புக்கு முன் வந்தவர்களைக் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேட்டதும்தான். அவர் கிறிஸ்தவர். வந்தவர்கள் தன் மார்க்கத்தவர் அல்ல என்பது அவருக்குத் தடையாக இருக்கவில்லை.

இதை வகுப்பில் சொல்லவில்லை. சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்ற சந்தேகம்தான் காரணம். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, நீர்கொழும்பில் வாடகை வீடுகளில் இருந்த பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் அகதிகள் துரத்தப்பட்டார்கள். உயர்ஸ்தானிகர் அலுவலகத்தில் பதிந்தவர்கள். அவர்கள் கையில் எங்களுக்குக் கிடைக்காத அந்தச் சொல்லும் அதற்கான அட்டையும் இருந்தன. தங்க இடம்தான் இல்லை. கூரை தேடிப் பொலிஸ் நிலையத்தில்கூடத் தங்கினார்கள். சிலர் வவுனியா பூந்தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் பலர் அகமதியர்கள். பூந்தோட்டம் எனக்குத் தூரமில்லை. காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்கு முன் போய்விடலாம். நான் போகவில்லை. அந்த நாட்களில் நமது நிலையே பயமாக இருந்தது என்பது ஒரு காரணம். அவர்கள் யார் என்பதும் இன்னொரு காரணமாக இருந்தது என்பதை இன்றைக்கு மறைக்க முடியாது. எந்தச் சமவாயமும் போடாத ஒரு கோட்டை நானே போட்டுக்கொண்டேன்.

2024 டிசம்பரில் முல்லைத்தீவுக் கரைக்கு ரோஹிங்யர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஒரு வள்ளத்தில் வந்து சேர்ந்தார்கள். பிள்ளைகள் பலர் இருந்தார்கள். முதலில் உணவும் தண்ணீரும் கொடுத்தவர்கள் அந்தக் கரையின் மீனவர்கள். எத்தனை தடவை இடம்பெயர்ந்தவர்கள் அவர்கள் என்று எண்ணிப் பார்த்தேன். வந்தவர்கள் என் மார்க்கத்தவர் என்பதால் எங்கள் பள்ளிவாசலில் காசு சேர்த்தோம், நானும் கொடுத்தேன். கொடுக்கும்போது பூந்தோட்டம் நினைவுக்கு வந்தது.

அந்தப் பிள்ளை பரீட்சை எழுதிவிட்டு வந்து வினாத்தாளைக் காட்டினாள். பலவுள் தெரிவு வினாவில் அகதிகளுக்கான உயர்ஸ்தானிகர் அலுவலகத்தின் தலைமையகம் எங்கே என்று கேட்டிருந்தார்கள். நியூயோர்க், ஜெனீவா, வியன்னா, ரோம். ஜெனீவாவுக்கு அடையாளமிட்டிருந்தாள். சரிதான் என்றேன். வினாத்தாளை வாங்கி அடுத்த குழுவுக்காகப் பிரதி எடுக்கக் கொடுத்தேன்.