தெரிதலும் துணிதலும்

'தெரிதல்' என்னும் தமிழ்ச் சொல் இரு பொருள் தருவது. அறிதல் ஒன்று, தேர்ந்தெடுத்தல் மற்றையது. ஒன்றை அறிந்த பின்னரே அதனைத் தேர வேண்டும் என்பது சான்றோர் கொள்கை. திருக்குறளின் பொருட்பாலில் 'தெரிந்து செயல்வகை' என ஓர் அதிகாரம் அமைந்திருப்பதும், அதனை அடுத்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்பன முறையே தொடர்வதும் இக்கொள்கையையே வற்புறுத்துவன. ஆயின், அறிவதற்கு முன்னரே தேர வேண்டிய நிலைகளும் வாழ்க்கையில் உள. பல்கலைக்கழகத்திலே தனக்குரிய துறை எதுவெனத் துணியாது நிற்கும் மாணவனின் நிலை அத்தகையது. சமூகவியலைப் பயிலாத ஒருவன், அது தன் உள்ளத்துக்கு உகந்ததா என்பதை எங்ஙனம் அறிவான்? பயின்றால் அறியலாம், பயில்வதற்கோ முதலில் அதனைத் தேர வேண்டும். இம்முரண்பாடே துறைத்தெரிவைத் தொழில் வழிகாட்டலின் எல்லைக்கு அப்பால் அறவியலின்பாற் கொண்டுவந்து நிறுத்துகின்றது.

இலங்கையில் இத்தெரிவு படிப்படியாக நிகழ்வது. க.பொ.த. சாதாரண தரத்தை முடித்த மாணவர், பதினாறு, பதினேழு வயதிலேயே கலை, வர்த்தகம், விஞ்ஞானம், தொழினுட்பம் முதலிய பிரிவுகளுள் ஒன்றைத் தெரிந்து, உயர்தரத்தில் மூன்று முதன்மைப் பாடங்களைப் பயில்கின்றனர். பெறும் புள்ளிகள் அவர்தம் பீடத்தைத் தீர்மானிக்கின்றன. கலைப்பீடத்துட் புகுந்தோர்க்கோ, மூன்றாண்டுப் பொதுப்பட்டமா, நான்காண்டுச் சிறப்புப்பட்டமா, சிறப்பாயின் எத்துறை என்ற வினா மீண்டும் எழுகின்றது.

தெரிவுக்கு இடமில்லாதவரைத் தெரிவின் பொருட்டுக் குறைகூறல் தகாது. 1970 களின் முற்பகுதியில் நடைமுறைக்கு வந்த மொழிவாரித் தரப்படுத்தலும், 1974 ஆம் ஆண்டின் மாவட்ட ஒதுக்கீடும் மருத்துவத்தையும் பொறியியலையும் நாடிய தமிழ் மாணவர் பலரை வாயிலிலேயே தடுத்தன. வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றமையால் விரும்பிய துறையை இழப்போர் இன்றும் உளர். இயலாததைச் செய்யுமாறு அறம் எவரையும் பணிப்பதில்லை. எனவே, அற வினா எழுவது எஞ்சியிருக்கும் தெரிவின் எல்லைக்குள்ளேயே. அவ்வெல்லை சிறிதாயினும், அதனுள்ளே தெரிபவர் மாணவரே.

துணியாது நிற்றல் தன்னளவிற் குற்றமாகாது. பதினெட்டு, இருபது வயதில் தன்னை முற்றாக அறிந்தவர் சிலரே. குற்றம் எழுவது அந்நிலையை மறைக்குமிடத்து. கூட்டம் செல்லும் துறைக்குத் தானும் செல்லுதல், அதிக புள்ளி கிடைத்த பாடமே தனக்குரியதென்று கொள்ளுதல், பெற்றோர் சொல்லைப் பணிவின் பெயரால் ஏற்றுப் பின்னர் தோல்வியை அவர் தலையிற் சுமத்துதல் ஆகியன அவ்வாறு மறைக்கும் வழிகள். கூட்டத்தின் போக்கும் புள்ளியும் பெற்றோர் அநுபவமும் கருத்திற் கொள்ளத்தக்க சான்றுகளே. ஆயினும் சான்று தீர்ப்பாகாது. தீர்ப்பைச் சான்றிடமே விட்டுவிடுபவன் தெரிவின் பயனை விரும்பி, அதன் பொறுப்பைத் துறக்கின்றான்.

ஆலோசனை கேட்பதிலும் இந்நுட்பம் உண்டு. பிரெஞ்சு மெய்யியலாளர் சாத்தர் 1945 ஆம் ஆண்டு நிகழ்த்திய சொற்பொழிவொன்றில் தம் மாணவன் ஒருவனைப் பற்றிக் கூறினார். நாஸிகளின் ஆக்கிரமிப்புக் காலத்தில், தன்னையே நம்பியிருந்த தாயோடு தங்குவதா, விடுதலைப் படையிற் சேர்வதா என அவன் வினவினான். நீ சுதந்திரமுடையவன், நீயே தெரிந்துகொள் என்பதே சாத்தர் அளித்த விடையின் சாரம். எவரிடம் ஆலோசனை கேட்பது என்பதைத் தெரியும்பொழுதே ஒருவன் எத்தகைய விடையை நாடுகின்றான் என்பதையும் பெரும்பாலும் தெரிந்துவிடுகின்றான் என்பதை அவர் சுட்டினார். துறைத்தெரிவு அத்துணைக் கொடிய இக்கட்டன்று. எனினும் இவ்வுண்மை அதற்கும் பொருந்தும். கணக்கியல் பயின்ற மாமனிடமோ இலக்கியம் கற்பித்த ஆசிரியரிடமோ செல்பவன், அவர் கூறப்போவதை முன்னரே ஓரளவு அறிவான். ஆதலால், தான் விரும்பாத விடையைக் கூறக்கூடிய ஒருவரையும் நாடிக் கேட்பது நேர்மையின்பாற்பட்டது.

இருவகைத் துறைகளும் ஒத்த வலிமையுடன் ஈர்க்குமிடத்துச் செய்வது யாது? இஸ்லாமிய மெய்யியலாளர் அல் கஸ்ஸாலி (1058 - 1111) முற்றிலும் ஒத்த இரு பேரீச்சம்பழங்களின் முன் நிற்கும் பசித்த மனிதனைக் கற்பனை செய்தார். ஒன்றை விட மற்றையது சிறந்ததெனக் காட்டும் காரணம் இல்லாதபோதும் அவன் ஒன்றை எடுத்து உண்பான். ஒத்தவற்றுள் ஒன்றைத் தனித்துத் தெரிதல் சித்தத்தின் இயல்பு என்பது அவர் வாதம். காரணங்கள் சமமாகும்பொழுது எத்தெரிவும் மடமையாகாது. மாறாக, காரணம் கிடைக்கும்வரை காத்திருப்பதே பசியோடிருத்தலாக முடியும்.

அங்ஙனம் தெரிந்த துறை பொருந்தாது போயின், கழிந்த ஆண்டுகள் வீணாகுமே என்ற அச்சம் பலரை வாட்டுகின்றது. ஈழத்து வரலாற்றிலே இதற்கு மாறான சான்றுகள் உள. ஆனந்த குமாரசுவாமி புவிச்சரிதவியல் பயின்று, 1903 இல் இருந்து 1906 வரை இலங்கைக் கனிப்பொருளாய்வுப் பகுதிக்குத் தலைமை தாங்கியவர். பின்னரே கலை வரலாற்றறிஞரானார். சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கு பயின்றவர். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியரானார். 1947 இல் வெளிவந்த அவரது யாழ்நூல், பழந்தமிழர் இசையை ஆராய்கையிற் கணிதத்தையும் பௌதிகவியலையும் துணைக்கொள்கின்றது. விஞ்ஞானம் பயின்ற ஆண்டுகளே அந்நூலை இயலச் செய்தன.

எனினும் பெரியோர் வரலாறு ஆறுதல் தரும் அளவுக்கு நிரூபணம் தருவதில்லை. துறை மாறி ஒளிர்ந்தோரை உலகு அறியும். மாறி மறைந்தோரை அறியாது. மேலும், அவ்விருவரும் முதலிற் பயின்ற துறையை ஏனோதானோ என்று பயிலவில்லை. கல்வி பின்னர் பயன்பட்டது, அது முன்னர் செவ்வனே கற்கப்பட்டமையினால். இவ்விடத்து ஒரு பொதுவுண்மை புலனாகின்றது. ஈடுபாடு என்பது உள்ளத்தில் முன்னரே புதைந்து கிடந்து, தோண்டியெடுக்கக் காத்திருக்கும் பொருளென எண்ணுவது எப்பொழுதும் சரியன்று. பலரிடத்து அது உழைப்பினால் விளைவது. மண்ணைப் பார்த்தவுடன் எவனும் கமக்காரனாவதில்லை. உழுது, விதைத்து, களை பிடுங்கிய பின்னரே நிலத்தின் மீது பற்று ஏற்படுகின்றது. ஆகவே துணியாத மாணவன் தன்னை வினவ வேண்டியது, எத்துறை தனக்கு இன்பம் தரும் என்பதோடு, எத்துறையின் சலிப்பையும் தன்னாற் பொறுக்க முடியும் என்பதுமாகும்.

இவ்வுழைப்பு மாணவன் தனக்கு மாத்திரம் செலுத்தும் கடனன்று. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்ததிலிருந்து, பல்கலைக்கழகக் கல்வியின் செலவைப் பொதுமக்களே ஏற்றுவருகின்றனர். தேயிலைக் கொழுந்து பறிப்பவளும் கடலிற் செல்பவனும் அதற்குப் பங்களிக்கின்றனர். அவர்தம் பிள்ளைகளுட் பலர் அவ்வாயிலை அடைவதில்லை. அரைமனத்தோடு மருத்துவம் பயின்றவனிடம் நோயாளி செல்கின்றான். அரைமனத்தோடு வரலாறு பயின்றவனிடம் ஒரு வகுப்பே சென்று அமர்கின்றது. இன்ன துறையைத்தான் பயில வேண்டும் என இக்கடன் விதிப்பதில்லை. பயிலும் துறையை முழுமனத்தோடு பயில வேண்டும் என்பதையே விதிக்கின்றது.

டேக்கார்ட் 1637 இல் வெளியிட்ட நூலொன்றில், காட்டில் வழிதவறியவன் அங்குமிங்கும் அலையாது, இயன்றவரை ஒரே திசையில் நேராக நடத்தல் வேண்டும் என்கிறார். விரும்பிய இடத்தை அடையாவிடினும் காட்டின் நடுவிற் கிடப்பதிலும் மேலான ஓரிடத்தை அவன் அடைவான். இவ்வுவமைக்கு ஒரு வரம்பு வேண்டும். எதிரே பள்ளம் தென்படின் திசை மாற்றுவதே அறிவுடைமை. தளர்ச்சி தோன்றிய போதெல்லாம் மாற்றுவது அலைச்சல். பள்ளமா தளர்ச்சியா என்பதைச் சில காலம் நடந்தவனே வேறுபடுத்தியறிவான். அறிந்து தேர்தல் இயலாத இடத்து, தேர்ந்து அறிதலே எஞ்சும் வழி. தெரிதலின் இரு பொருளும் அவ்விடத்து மீண்டும் ஒன்றாகின்றன.