தாய்க்குத் தாய் யார்?

திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவருக்குச் சுகப்பிரசவம் வேண்டி வாழைத்தார் காணிக்கை தருவது வழக்கம். தலபுராணக் கதை ஊரறிந்தது. இரத்தினாவதி என்ற செட்டிப்பெண்ணுக்குப் பேறுகாலம் நெருங்கிவிட்டது, காவிரியில் வெள்ளம், அவளுடைய அம்மாவால் ஆற்றைக் கடக்க முடியவில்லை. சிவனே அந்த அம்மாவின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து பெற்ற தாய் வரும்வரை கூடவே இருந்தார். ‘செட்டிப்பெண் மருத்துவம்’ என்று சித்திரைத் திருவிழாவில் இதை இன்றும் நடத்துகிறார்கள்.

இங்கே இறைவன் தாயானது பிறந்த குழந்தைக்கு அல்ல, பெற்றவளுக்கு.

அப்படியானால் பாலூட்டுகிறவளைப் பார்த்துக்கொள்வது யாருடைய தர்மம்? ரத்த உறவுக்கு மட்டுமே அந்தத் தகுதி என்று கதை சொல்லவில்லை. கணவனும் சுற்றியிருப்பவர்களும்கூட அவளுக்குத் தாயாகலாம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். வலியும் பதற்றமும் அது இறங்குவதைத் தடுக்கும். “பால் பத்தலையோ?” என்ற கேள்வி அந்தப் பதற்றத்தைக் கூட்டும். ராத்திரி இரண்டு மணிக்குப் பால் குடித்த பிள்ளையைக் கணவன் தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் விடவைத்தால், அவள் கொஞ்சம் கண்ணயர்வாள்.

வீட்டுக்கு வெளியேயும் இந்தத் துணை உண்டு. திருச்சி புத்தூர் அரசு மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. இத்தகைய வங்கிகளில் தானப் பாலை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கி, குளிரவைத்து, குறைமாதக் குழந்தைகளுக்குத் தருகிறார்கள். 2015-இல் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. அந்த அறைகள் பூட்டிக் கிடக்காமல், சுத்தமாக, மின்விசிறி ஓடும் நிலையில் இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லையென்றால் நிர்வாகத்திடம் கேட்பதும் தாயுமானவர் பக்தர்களின் கடமைதான்.