மழைக்கு முன் அறுப்பு

வாலாஜாபாத் வட்டாரத்தில் நெல்லுக்கு மூன்று பட்டங்கள்: சொர்ணவாரி, சம்பா, நவரை. சித்திரை, வைகாசியில் விதைக்கும் சொர்ணவாரி, ஆவணி, புரட்டாசியில் அறுப்புக்கு வரும். பகலெல்லாம் வெயில் கொளுத்திவிட்டுச் சாயங்காலம் இடியோடு மழை கொட்டும் மாதங்கள் அவை. நடவு தள்ளிப்போன வயல் என்றால் ஐப்பசியும் பிறந்துவிடும். அக்டோபர் 20 வாக்கில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவது சராசரிக் கணக்கு. நீலகிரி உருளைக்கிழங்குக்கு உறைபனி எப்படியோ, பாலாற்றங்கரையில் முற்றிய நெல்லுக்கு அந்த மழை அப்படி.

கதிர் பூத்து ஏறக்குறைய 30 நாளில் மணி முற்றும். கதிரின் நுனி முதலில் பழுக்கும், அடி கடைசியில். அதனால் தூரத்தில் நின்று பொன்னிறத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. வரப்பிலிருந்து நாலடி உள்ளே இறங்கி, ஒரு கதிரை ஒடித்து, அடிமணிகளை நகத்தால் நசுக்கிப் பார்க்க வேண்டும். பால் கசிந்தால் இன்னும் நாள் இருக்கிறது. மாவாக நசுங்கினால் கிட்டத்தில் வந்துவிட்டது. பல்லில் வைத்துக் கடிக்கும்போது நறுக்கென்று உடைந்தால் தயார். கதிரில் நூற்றுக்கு 80, 85 மணிகள் பழுத்து, ஈரப்பதம் 20 முதல் 25 சதவீதத்துக்குள் இருக்கும் நிலையே ஏற்றது என்பது வேளாண் பரிந்துரை. அதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே தண்ணீரை வடித்துவிட வேண்டும்.

முன்கூட்டியே அறுத்தால் பச்சை மணியும் கருக்காயும் மிகும், எடை குறையும், ஆலையில் அரிசி குருணையாகும். தாமதித்தால் மணி உதிரும். வெயிலில் காய்ந்தும் மழையில் நனைந்தும் மாறி மாறி அடிபட்ட நெல் உள்ளுக்குள் கீறல் விட்டு, அதுவும் குருணையாகவே போகும். எல்லாவற்றிலும் கொடியது பயிர் சாய்வது. சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்தால், உறக்கக் காலம் இல்லாத ரகங்கள் சில நாளிலேயே வயலில் கிடந்தபடி முளைவிடும். ஆகவே இழப்பே இல்லாத நாள் என்று ஒன்றைத் தேடுவதில் பயனில்லை. முன்னால் அறுப்பவர் சிறிய, நிச்சயமான நட்டத்தை ஏற்கிறார். காத்திருப்பவர் முழு விளைச்சலுக்காக மொத்தத்தையும் பணயம் வைக்கிறார். விவசாயி உண்மையில் தீர்மானிப்பது, தன் குடும்பம் எந்த நட்டத்தைத் தாங்கும் என்பதை.

அந்தத் தீர்மானமும் முழுக்க அவர் கையில் இல்லை. வானிலை மையம் செவ்வாய், வெள்ளிதோறும் வேளாண் அறிவிக்கை தருகிறது. அடுத்த ஐந்து நாள் நிலவரம் அதில் கிடைக்கும். மழை வருகிறது என்றதும் ஊரே ஒரே நாளில் அறுவடை வண்டியைத் தேடும். காய்ந்த வயலில் டயர் வண்டி போதும். சேறாகிவிட்டால் பெல்ட் வண்டிதான் இறங்கும். அதற்கு வாடகையும் கூடுதல், நேரமும் அதிகம். வண்டிக்காரரும் ஒரு கரையில் தொடங்கினால் வரிசையாக அறுத்துக்கொண்டே போகத்தான் விரும்புவார். பக்கத்து வயல் அறுபடும் அன்றே தன் வயலையும் அறுக்காவிட்டால் வண்டி மறுபடி எப்போது வருமோ தெரியாது. மணி முற்ற இன்னும் நாலு நாள் வேண்டும் என்று தெரிந்தே பலர் அறுக்கச் சொல்வதற்கு இதுவே காரணம். அதை அவசரபுத்தி என்று பழிப்பது அநியாயம்.

காத்திருக்க முடிவதும் ஒருவகைச் சொத்துதான். சொந்த நிலமும் களமும் கையில் கொஞ்சம் பணமும் உள்ளவர் நாலு நாள் பொறுக்கலாம். மழை அடித்தாலும் எழுந்துவிடுவார். குத்தகைக்கு எடுத்து, நகையை அடகு வைத்து உரம் போட்டவருக்கு அந்த வசதி இல்லை. இருவர் வயலிலும் ஒரே ரகம், ஒரே நாள் நடவு. அறுப்பு நாள் மட்டும் வேறாகிறது.

அறுத்த பிறகும் ஈரம் விடுவதில்லை. தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். 2025-26 பருவத்துக்குச் சன்ன ரகத்தின் விலை குவிண்டாலுக்கு 2,545 ரூபாய்; அந்த விலை கிடைக்க, 22 சதவீத ஈரத்தோடு வண்டியிலிருந்து கொட்டிய நெல்லைக் களத்திலோ சாலையோரத்திலோ பரப்பி, காலால் கிளறிக் கிளறிக் காயவைக்க வேண்டும். மழைக்குப் பயந்து அறுத்த நெல்லைக் காயவைக்க வெயிலுக்குத் தவம் கிடக்கும் நாட்கள் இவை. மேகம் திரண்டால் வீட்டில் உள்ள எல்லோரும் ஓடிவந்து குவித்துத் தார்ப்பாய் போடுகிறார்கள். மழை மிஞ்சிய ஆண்டுகளில் மத்திய அரசு இந்த வரம்பைத் தளர்த்தியதுண்டு: 2022 அக்டோபரில் 19 சதவீதம், 2023 பிப்ரவரியில் 20. ஒவ்வொரு முறையும் நெல் நனைந்த பிறகே ஆணை வந்தது. பருவமழையோடு அறுப்பு மோதும் மாவட்டங்களுக்கு முன்கூட்டியே தளர்வை அறிவித்தால், எந்த நாளில் அறுப்பது என்ற கணக்கே மாறும்.

2016-இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவடைக்குப் பிந்தைய இழப்புக்கும் இடம் உண்டு: அறுத்து வயலிலேயே காயப் பரப்பிய பயிர், 14 நாட்களுக்குள் புயலாலோ பருவம் தவறிய மழையாலோ கெட்டால் இழப்பீடு கோரலாம். அரிவாளால் அறுத்து அரி போட்ட காலத்துக்கு அது பொருந்தும். வண்டி அறுக்கும்போதே கதிரடித்துவிடுகிறது. நெல் வயலில் கிடப்பதில்லை, சாலையோரத்துக்கோ கொள்முதல் நிலைய வாசலுக்கோ போய்விடுகிறது. அங்கே நனையும் குவியலையும் காப்பீட்டுக்குள் கொண்டுவருவதே இப்போதைய தேவை.