உனக்கு மட்டும் வேறு தராசா?

வேதபகுதி: 2 சாமுவேல் 12:1-13



தாவீதுக்கு நியாயப்பிரமாணம் தெரியாதா? நன்றாய்த் தெரியும். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியை ஐசுவரியவான் பிடுங்கிக்கொண்டான் என்று நாத்தான் சொன்னவுடனே கோபம் மூண்டு, நாலு மடங்காய்க் கொடுக்கவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னான். யாத்திராகமம் 22:1-லும் ஆட்டுக்கு நாலு ஆடுதான்! கணக்குத் தப்பவில்லை. ஆனால் உரியாவின் மனைவியை எடுத்து, உரியாவையும் சாகக்கொடுத்தவன் அதே தாவீது. பிள்ளை பிறந்த பிறகும், ஒரு தீர்க்கதரிசி வந்து சொல்லவேண்டியதாயிற்று.

ஏன் இப்படி? மற்றவன் காரியத்தில் நமக்குச் செய்கை மட்டும்தான் தெரிகிறது. நம் காரியத்திலோ காரணம்தான் முன்னால் வந்து நிற்கிறது. அவன் செய்தால் பாவம். நான் செய்தால் சூழ்நிலை!

நம்ம எண்ணூரையே பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்தது. பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை ஆறு, முகத்துவாரம் எங்கும் பரவி, படகிலும் வலையிலும் கறுப்பாய் அப்பிக்கொண்டது. வெள்ளத்தைச் சாக்குச் சொல்லக்கூடாது, சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று பேசினோம். நியாயமான பேச்சு. அதில் ஒரு எழுத்தும் குறைக்கவேண்டாம்.

ஆனால் அதே வாய், “குப்பை வண்டி வரல, அதான் கால்வாயில போட்டேன்” என்கிறதே! வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் குற்றமென்று 1961-லேயே சட்டம் வந்தது. ஜெபக்கூட்டத்தில் அதற்கு ஆமென் சொல்லுகிற தகப்பன், தன் மகன் கல்யாணத்தில், “நாங்க கேக்கல பாஸ்டர், அவங்களா போடறாங்க” என்கிறாரே! அளவு வேறு, சாக்கு ஒன்றுதான்.

கர்த்தர் இதை முன்னமே அறிந்திருந்தார். ராஜாவாகிறவன் நியாயப்பிரமாணத்தைத் தனக்கென்று ஒரு பிரதி எழுதிவைத்து, நாள்தோறும் வாசிக்கும்படி கட்டளையிட்டார் (உபாகமம் 17:18-20). எதற்கு? தன் சகோதரரைவிடத் தான் மேலானவன் என்று எண்ணாதபடிக்கு.

பிரியமானவர்களே, நாத்தான் செய்ததை நாமும் செய்வோம். அவன் பெயரை எடுத்துவிட்டுக் காரியத்தைச் சொன்னான். இன்று ராத்திரி முழங்காலில் நிற்கும்போது, உங்கள் காரியத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் செய்ததாக வைத்துச் சொல்லிப் பாருங்கள். தீர்ப்பு வாயில் வந்துவிடும். பிறகு அதில் உங்கள் பெயரைப் போடுங்கள்.

தாவீது, தான் ராஜா என்று விலக்குக் கேட்கவில்லை. பாவத்தை ஒத்துக்கொண்டான், மன்னிப்புப் பெற்றான். விலக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறவனோ மன்னிப்புக் கேட்கவே மாட்டான். கேட்காதவன் எப்படிப் பெறுவான்?

கர்த்தர் தாமே நம் இருதயங்களை ஆராய்ந்து உயிர்ப்பிப்பாராக. ஆமென், அல்லேலூயா!